எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

மார்ச் 24, திங்கள்

கப்பலில் மூன்று நாள், சென்னையில் ஒரு பகல், ரயிலில் ஓர் இரவு, அருப்புக்கோட்டையிலிருந்து நின்று நின்று வந்த பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடைசியாக நெடுங்கரைப்பட்டி. அம்மா பிறந்த ஊர். நான் நாலு வயதில் ஒரு தடவை வந்திருக்கிறேனாம். அப்போது ஒரு கோழியோடு ஓட்டப்பந்தயம் நடந்ததாம். யார் யாரைத் துரத்தியது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி.

ஹிந்தியில் எழுதினால் இங்கே ஒருத்தருக்கும் புரியாது, பத்திரமாக இருக்கும். ஆனால் திட்டுவதற்குத் தமிழ்தான் வசதி. அதனால் தமிழ்.

போர்ட் பிளேரில் நாங்கள் இந்தப் பக்கத்தை மெயின்லேண்ட் என்போம். எங்களுக்கு வெங்காயம், தக்காளி, பாடப்புத்தகம், கணக்கு வாத்தியார் எல்லாம் மெயின்லேண்டிலிருந்துதான் வரும். கப்பல் நாலு நாள் தாமதமானால் மார்க்கெட்டில் தக்காளியைத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். இங்கே தக்காளியை ஆடு தின்கிறது. அந்த ஆட்டின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். பஞ்சவர்ணம் பெரியம்மா, அம்மாவின் அக்கா. அவர் மகள் ஈஸ்வரி, என்னைவிட ஒரு வயது பெரியவள், ஒரு சாண் குட்டை. பெரியப்பா திருப்பூரில் வேலை.

பக்கத்து வீட்டுச் சித்தி விசாரிக்க வந்தார். "அந்தமான்னா, ஜெயிலுக்குப் பக்கத்துலயா வீடு?"

"உள்ளேயேதான் சித்தி. அப்பா இன்னும் ரிலீஸ் ஆகலை. அதான் வரலை."

சித்தி கன்னத்தில் கைவைத்தார். ஓடிப்போய் எனக்கு இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா என்னைத் தொடையில் கிள்ளினாள். பழம் நன்றாக இருந்தது.

உண்மை இதுதான்: அப்பாவுக்கு லீவு இல்லை. தீவுக்குத் தீவு போகிற கப்பலில் இன்ஜின் அறை வேலை. போன தடவையும் லீவு இல்லை. அதற்கு முந்தின தடவை என்று ஒன்று கிடையாது.

திரும்பும் கப்பல் ஏப்ரல் 6. இரண்டு டிக்கெட்டும் அம்மாவின் தோள்பையில் இருக்கின்றன, பார்த்துவிட்டேன். பத்தாம் தேதி எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு தொடங்குகிறது. ஜன்னலோர பெஞ்சுக்கு இப்போதே சண்டை.

மார்ச் 25, செவ்வாய்

மெயின்லேண்ட் என்று பெயர், மெயினான மீனே இல்லை.

காலையில் இட்லி, மதியம் சாம்பார், கத்தரிக்காய். "பெரியம்மா, மீன் எப்போ?" என்றேன்.

"மீனா! இன்னிக்குச் சாயங்காலம் மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டுறாகடி. இனிப் பதினஞ்சு நாளைக்கு மீனு, கறி, முட்டை மூச்சு விடக்கூடாது. தாளிக்கக் கூடாது. வறுக்கக் கூடாது. ஆத்தா சூடா இருப்பா."

"நானும்தான் சூடா இருக்கேன்."

"மோர் குடி, ரோஷிணி."

சாயங்காலம் கோயிலில் கொட்டு. பூசாரி மாமா மற்ற நாட்களில் பஞ்சர் ஒட்டுகிறவர். இன்று மஞ்சள் வேட்டியில் ஆளே மாறிப்போய் நின்றார். தன் மணிக்கட்டில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டார். பிறகு மைக்கைப் பிடித்தார். "காப்புக் கட்டும்போது ஊருக்குள்ள இருந்தவுக யாரா இருந்தாலும் பண்டிகை முடியிற வரைக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகல்ல போகலாம். விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிரணும். பெறகு வந்து ராத்தங்குறவுகளுக்கும் இதே கட்டுத்தான்."

பண்டிகை முடிவது ஏப்ரல் 9. விரல் விட்டு எண்ணினேன். காலும் சேர்த்து எண்ணினேன். ஆறு ஒன்பதுக்கு முன்னால்தான் வருகிறது.

"அம்மா, கப்பல்?"

"பார்த்துக்கலாம்."

அம்மா இருபது வருஷம் இந்த ஊரில் வளர்ந்தவள், காப்புத் தேதி தெரியாமலா வந்தாள் என்று ஈஸ்வரி கேட்டாள். மறந்திருப்பாள் என்றேன். அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை. மூன்றாம் வகுப்பில் நான் உடைத்த பிளாஸ்கைப் போன வாரம்கூடச் சொல்லிக்காட்டினாள். ஆனால் இது மறந்ததுதான்.

காப்பு இருக்கிறவரை கப்பல் இல்லை. காப்பி உண்டு. எங்கள் ஊரில் பால்பவுடர் காப்பி. இங்கே மாட்டைக் கண்ணெதிரே கறந்து போடுகிறார்கள். குடிக்கும்போது மாடு நம்மையே பார்க்கிறது.

மார்ச் 26, புதன்

அப்பா போனில் கூப்பிட்டார். இன்ஜின் சத்தத்தில் பேசிப் பேசி அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கவேண்டும், தெருவுக்கே கேட்கும்.

"காப்பா? யார் கையில கட்டினாங்க?"

"பூசாரி மாமா கையில."

"உங்க கையில கட்டலையே? அப்புறம் உங்களுக்கு என்ன? கிளம்பி வாங்க!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அம்மா போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். "ஊர்க் கட்டுப்பாடு, என்னங்க... நான் என்ன செய்ய... ஆத்தா விஷயம்" என்று துண்டு துண்டாகக் கேட்டது. குரல் பாவமாக இருந்தது. திரும்பி வந்த முகத்தில் அவ்வளவு பாவம் இல்லை.

அப்பாவுக்கு இந்த ஊர் தெரியாது. அப்பாவின் தாத்தா காலத்திலேயே அந்தமானில் குடியேறிவிட்டார்கள். கல்யாணத்துக்கு ஒரு வேனில் வந்து, தாலி கட்டி, அதே வேனில் போனவர்.

மார்ச் 27, வியாழன்

இன்று முளைப்பாரிக்கு விதை போட்டார்கள். மண்பாத்திரத்தில் எருவும் நவதானியமும் போட்டு, வெயில் படாத அறையில் வளர்த்து, ஒன்பதாம் தேதி தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம். வேண்டுதல் உள்ள பெண்கள்தான் எடுப்பார்கள். போட்டவள் கடைசி நாள்வரை தினம் தண்ணீர் தெளிக்கணும்.

அம்மாவும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"ஆறாம் தேதி நாம போயிட்டா இதை யார் தூக்குவா?"

"அக்கா தூக்குவா."

பெரியம்மா கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அவருக்கு இரண்டு தலையா என்று கேட்கலாம் என்று பார்த்தேன். மகளிர் கூட்டம் பெரிதாக இருந்தது. விட்டுவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

பருப்பு.

மார்ச் 29, சனி

பருப்பு. தாளிக்காத பருப்பு. இந்த ஊரை அருப்புக்கோட்டைக்குப் பக்கம் என்கிறார்கள். எழுத்துப்பிழை. பருப்புக்கோட்டை.

எங்கள் குவார்ட்டர்ஸில் இந்நேரம் பக்கத்து வீட்டு பெங்காலி காக்கிமா கடுகு அரைத்து மீனில் தடவிக்கொண்டிருப்பார். அந்தக் கடுகு மூக்கில் ஏறிக் கண்ணில் இறங்கும். அடுத்த வீட்டு ராஞ்சி அங்கிள் சட்னி அரைப்பார். தீபாவளிக்கு மூன்று வீட்டுத் தட்டும் மூன்று வீட்டுக்குப் போகும். எந்தத் தட்டு யாருடையது என்று பொங்கல்வரை தகராறு. இங்கே தெரு முழுக்க ஒரே குழம்பு, ஒரே மணம். மணம் என்றுகூடச் சொல்லமுடியாது, தாளிக்கவில்லையே.

"சுத்தித் தண்ணி, எப்படிடி இருக்கீங்க? மூச்சு முட்டாதா?" என்று ஈஸ்வரி கேட்டாள்.

"தண்ணி மேல எந்தப் பக்கம் வேணும்னாலும் போலாம். இங்கதான் எங்க பார்த்தாலும் தரை. ஒரு கல்லை நட்டுவச்சு இதுக்கு அந்தப் பக்கம் போகாதேன்னா போகாம நிக்கிறீங்க."

"அது எல்லைக்கல்லுடி. கையெடுத்துக் கும்பிடு."

நடந்து பார்த்தேன். கோயிலிலிருந்து எல்லைக்கல் எழுநூற்று இருபது அடி. மறுபக்கம் கண்மாய்க் கரைவரை ஆயிரத்து நூறு. கண்மாயில் தண்ணீர் இல்லை, கிரிக்கெட் நடக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

குற்றம் செய்தாயிற்று. உடந்தை: ஈஸ்வரி.

அப்பா எங்கள் பெட்டியில் பெரியம்மாவுக்கென்று இரண்டு கிலோ கருவாடு கட்டி அனுப்பியிருந்தார். காப்பு நாளில் கருவாட்டை வீட்டில் வைத்திருப்பதா என்று பெரியம்மா அலறி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன் தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய்ப் பூட்டினார். சாவி எங்கே என்று ஈஸ்வரிக்குத் தெரியும். ஈஸ்வரிக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பகலில் எல்லை தாண்டலாம் என்று மைக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் தென்னை மட்டையைக் கொளுத்தி நாலு துண்டு சுட்டோம். எண்ணெய் இல்லை, மசாலா இல்லை, சுட்டு, தட்டி, சாம்பலை ஊதி, வாயில். ஐந்து நாள் கழித்துக் கருவாட்டு உப்பு நாக்கில் பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொன்னேன்.

"அங்க தினம் மீனா?"

"தினம். ஞாயித்துக்கிழமை ஜெட்டியில உக்காந்து நானே பிடிப்பேன்."

ஈஸ்வரி மென்றதைத் துப்பிவிட்டாள். "எதுல உக்காந்து?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகு வந்து நிற்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் வேறு பெயரே கிடையாது. போகட்டும் என்று, "எங்க ஊர் ஜெட்டி ரொம்பப் பெரிசு. கவர்ன்மென்ட் கட்டினது. ஒரே நேரத்துல நாலு கப்பல் நிக்கும்," என்றேன். ஈஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டாள்.

திரும்பும்போது எங்கள் பின்னால் மூன்று பூனைகள் ஊர்வலமாக வந்தன. பெரியம்மா பூனைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார்.  ஈஸ்வரி ஈரத்தலையோடு என் காதில் சொன்னாள்: "நீ இங்க படிச்சா ஜாலியா இருக்கும்டி. எங்க ஸ்கூல் யூனிஃபார்ம் உனக்கு நல்லா இருக்கும்."

நான் ஏன் அங்கே படிக்கப்போகிறேன்? சும்மா சொல்கிறாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினம். காலையிலேயே சர்க்கரை டப்பாவில் உப்பு போட்டேன். பெரியம்மா காப்பியைக் குடித்துவிட்டு, "இன்னிக்கு நல்லா இருக்கே," என்றார். என் மானமே போயிற்று. அவர் டப்பாவை முன்பே மாற்றிவிட்டார் என்று ஈஸ்வரி பிறகு சொன்னாள்.

அம்மா என் ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் கேட்டாள். எதற்கு என்றேன். பஸ் பாஸ் என்றாள். நாலு நாளில் கிளம்பப்போகிறவளுக்கு என்ன பஸ் பாஸ்? பெரியம்மாவோடு பத்து மணி பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், விளக்கு வைப்பதற்கு முன் திரும்பினாள். எனக்குக் காரச்சேவு வாங்கி வந்தாள். கேட்காமலே கால் கிலோ.

காரச்சேவு மிகவும் நன்றாக இருந்தது. வேறு எதையும் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

தினமும் சாயங்காலம் முளைப்பாரி வீட்டு முற்றத்தில் கும்மி. இன்று போய்ப் பார்த்தேன். நடுவில் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பது யார் என்று எட்டிப் பார்த்தால், எங்கள் அம்மா.

போர்ட் பிளேர் வீட்டில் அம்மாவின் சத்தம் குக்கர் விசிலுக்குக் கீழேதான். ஹிந்தியில் கடைக்காரர் கேட்டால் என்னைப் பார்ப்பாள். நான்தான் பதில் சொல்வேன். அப்பா தீவுப் பக்கம் போனால் நாலு நாள், ஆறு நாள். நான் பள்ளிக்கூடம். அந்த நேரத்தில் அம்மா என்ன செய்வாள் என்று நான் யோசித்ததே இல்லை. இங்கே அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இருபது பெண்களை ஒரு வரியில் சுற்றவைக்கிறாள். நடுவில் ஒரு கிழவியின் தப்புத்தாளத்தைக் கிண்டல் பண்ணி ஏதோ சொன்னாள். கூட்டமே சிரித்து நின்றுவிட்டது. எனக்குக் குறும்பு எங்கிருந்து வந்தது என்று அப்பா அடிக்கடி கேட்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பூட்டிய வீட்டின் முன் அம்மா நின்றாள். தாத்தா இருந்த வீடு. "இங்கதான் கிடத்தியிருந்தாங்க," என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. தாத்தா இறந்த அன்று கப்பல் இல்லை, விமானத்தில் இடம் கிடைக்கவில்லை, அப்பா கடலில். பெரியம்மா வீடியோவில் காட்டினார். எங்கள் ஊரில் அப்போதெல்லாம் நெட் நத்தை வேகம். உடலை எடுக்கிற நேரத்தில் படம் அப்படியே உறைந்துவிட்டது. திரையில் யாருடையதோ கால்கள், ஒரு குடம், பாதி வாசல். அம்மா அந்த உறைந்த படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான், "அம்மா, தாத்தா ஸ்டக் ஆயிட்டார்," என்றேன். சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். ஒன்பது வயதில் எல்லாமே அதற்காகத்தான் சொல்வேன்.

இன்றைக்கு எழுத இவ்வளவு போதும்.

ஏப்ரல் 3, வியாழன்

வழி கிடைத்துவிட்டது! ஈஸ்வரி வாய்தவறிச் சொன்னாள். ரொம்ப அவசரம் என்றால் பூக்கேட்கலாம். வாழை இலையில் ஒரு பொட்டலம் வெள்ளைப் பூ, இன்னொன்று சிவப்பு. ஆத்தா முன்னால் தட்டில் குலுக்கி வைப்பார்கள். கேட்கிற வீட்டில் சின்னவர் யாரோ அவர் ஒன்றை எடுக்கணும். வெள்ளை வந்தால் ஆத்தா போகச் சொல்கிறாள். சிவப்பு என்றால் இரு.

கூழ் ஊற்றும் இடத்தில் ஊரே நின்றபோது, பூசாரி மாமாவிடம் நேராகப் போனேன். "மாமா, எங்களுக்கு ஞாயித்துக்கிழமை கப்பல். பூக்கேக்கணும்."

பூசாரி மாமா அம்மாவைப் பார்த்தார். "என்ன விசயராணி? கேக்கலாமா?"

அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "கேளுங்க," என்றாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை உச்சிக்கு. பொட்டலம் கேக்குறவுக வீட்டுலதான் கட்டணும், தெரியும்ல?"

"தெரியும்."

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பூவோ காயோ, ஆறாம் தேதி நீங்க கப்பல்ல இருக்கணும்!" என்று கத்தினார். எனக்கும் அதேதான். என் பள்ளி, என் பெஞ்சு, என் ஜெட்டி எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு பூவை நம்பி நான் என்னை இங்கே விட்டுவைக்க முடியாது.

அம்மா சாயங்காலம் தனியாக உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். சாமி அலமாரியில் வைத்தாள். கட்டும்போதே உதவிக்கு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். எனக்கும் வேண்டியதில்லை. சிவப்பு இருக்கிற பொட்டலத்தைப் பிரித்து அதிலும் வெள்ளையை வைத்தால் வேலை முடிந்தது. எதை எடுத்தாலும் வெள்ளை. ஆத்தாளிடம் மன்னிப்பைக் கப்பலில் ஏறியபின் கேட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலை ஏழு மணி. அம்மா குளிக்கப் போனாள். என் கையில் இரண்டு நந்தியாவட்டை, பக்கத்து வீட்டு வேலியில் பறித்தது. ஒன்று போதும், இன்னொன்று கசங்கினால் மாற்றுவதற்கு.

முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். செவ்வரளி. முதல் அடியிலேயே அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் அம்மா நூலை எப்படிச் சுற்றி முடிந்திருந்தாள் என்று கவனிக்காமல் பிரித்துவிட்டேன். அதே மாதிரி கட்டவேண்டுமே. முடிச்சைப் பார்ப்பதற்காக இரண்டாவதை மெதுவாகப் பிரித்தேன்.

அதிலும் செவ்வரளி.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடேயப்பா, என்ன கை! நான் யோசித்ததையே யோசித்து, எனக்கு முந்தின நாளே செய்து வைத்திருக்கிறாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம். அம்மா உள்ளே கும்மிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டையும் வெள்ளையாக மாற்ற ஒரு நிமிஷம் போதும். பூவும் இரண்டு இருக்கிறது. கோயிலில் வெள்ளை வந்தால் அம்மாவால் வாயே திறக்க முடியாது. திறந்தால் அவள் செய்தது வெளியே வரும். இவ்வளவு ஓட்டையில்லாத குறும்பு என் வாழ்நாளில் எனக்கு அமைந்ததில்லை, இனி அமையவும் போவதில்லை.

ஆத்தாளிடமே விளையாடுகிற அளவுக்கு அம்மா போவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுகிறவள் அவள்.

செவ்வரளியை உள்ளே வைத்து, இரண்டையும் பழையபடி கட்டினேன். முடிச்சு அம்மா போட்ட மாதிரியே வந்தது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெள்ளைப் பூவை ஆட்டுக்குப் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

உச்சி வேளை. கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி மாமா தட்டைக் குலுக்கி ஆத்தா காலடியில் வைத்தார். "எடு தாயி. மனசுல நினைச்சுக்கிட்டு எடு."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தாள். நான் இடப்பக்கத்தை எடுத்தேன். வலப்பக்கத்தை எடுத்திருந்தாலும் ஒன்றுதான். பூசாரி மாமா பிரித்தார்.

"செவப்பு! ஆத்தா இருக்கச் சொல்லிட்டாடா!"

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. ஈஸ்வரி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். பிறகு அந்தச் சனியன் தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தின் மேல் கையை வைத்தாள். "இதுல வெள்ளைப் பூ பாவம், தனியாக் கிடக்கு. எடுத்து ரோஷிணி தலையில வைக்கட்டா?"

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

நான் ஈஸ்வரி கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். "வேணாம்! எனக்குக் கிடைக்காத பூவைப் பார்த்தா எனக்கு ஆத்திரம் வரும்!" என்று அழுகிற மாதிரி கத்திக்கொண்டு ஓடி, கோயில் கிணற்றில் போட்டேன். அழுகிற மாதிரிதான் தொடங்கினேன். கிணற்றடிக்குப் போவதற்குள் நிஜமாகவே வந்துவிட்டது. வசதியாகப் போயிற்று, யாரும் சந்தேகப்படவில்லை.

திரும்பினால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் சாப்பாடு போடும்போது கேட்டாள். "எப்ப பிரிச்ச?"

"நீ குளிக்கும்போது."

"எதுக்கு?"

"ரெண்டையும் வெள்ளையாக்க."

அம்மா பருப்பை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள், சோறு மிதந்தது. "ஏன் ஆக்கலை?"

"என்கிட்ட ரெண்டு பூதான் இருந்துச்சு," என்றேன். இரண்டே போதும் என்று இருவருக்கும் தெரியும்.

"உன்னை இங்க சேர்க்கலாம்னு பார்த்தேன்," என்றாள். "நானும் இங்கேயே இருந்துடலாம்னு... அந்த மனுஷன் மேல கோவம் இல்லடி. திரும்பிப் போனா மறுபடி எத்தனை வருஷம் ஆகும்னு நினைச்சேன். அதுக்குள்ள இவ," பெரியம்மா இருந்த பக்கம் தலையைக் காட்டினாள், "இவளையும் போன்லயே பார்த்து முடிச்சிருவேன்."

நான் பருப்பில் மிதந்த சோற்றைத் தின்றேன். முழுவதையும்.

ஏப்ரல் 5, சனி

அம்மாவின் முளைப்பாரி ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. வெயில் படாததால் பச்சையாக இல்லை, மஞ்சளாக. தண்ணீர் தெளிக்க என்னையும் கூட்டிப்போனாள். அப்பா மூன்று தடவை கூப்பிட்டார். நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று எங்கள் கப்பல் கிளம்பியது. எங்களை விட்டுவிட்டு.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். எடுத்தேன். போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன், தேவையே இருக்கவில்லை. சத்தமே இல்லை.

"கப்பல் கிளம்பிருக்கும்," என்றார்.

"ஆமாப்பா."

"ஆத்தா விடலையாக்கும்."

சரி என்று சொல்லி வைத்திருக்கலாம். அம்மாவைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு வினாடி யோசித்தேன். பிறகு, இவருக்குத் தெரியாமல் இருப்பதால்தான் இவ்வளவு தூரம் வந்தது என்று தோன்றியது.

"ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்புப்பா."

"அப்படின்னா?"

"அம்மா கட்டினது."

பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பா எங்கோ நடந்துபோய்க் கதவைச் சாத்தினார். இன்ஜின் சத்தம் குறைந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பிரிச்சுப் பார்த்தேன்."

"மாத்திருக்கலாமே. உனக்குக் கைவந்த வேலைதானே அதெல்லாம்."

"மாத்தலை."

"ஏன்?"

"தாத்தா செத்தப்போ படம் உறைஞ்சு போச்சுல்ல. அதுக்கப்புறமும் அம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தா. நீங்க கடல்ல இருந்தீங்க. நான்தான் பார்த்தேன்."

 லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேன்," என்றார்.

"ஈஸ்வரி ஸ்கூல்ல எனக்கு அப்ளிகேஷன் வாங்கியாச்சுப்பா. பஸ் பாஸுன்னு சொல்லி அம்மா போட்டோ வாங்கினது அதுக்குத்தான்."

 எனக்கு என் பெஞ்சு ஞாபகம் வந்தது. இந்நேரம் யாராவது பையை வைத்திருப்பார்கள்.

"காப்புக் கட்டின ஊருக்குள்ள வெளியாள் வரலாமா?" என்று கேட்டார் அப்பா.

"வர்றதுக்கு யார் உத்தரவும் வேண்டாம். போறதுக்குத்தான்."

"ராத்தங்கினா?"

"மாட்டினீங்க."

அப்பா மூச்சு விட்டது கேட்டது. சிரித்தாரா என்று சொல்ல முடியாது. "ஒன்பதாம் தேதி என்னவோ தூக்குவாங்கன்னு சொன்னியே, அம்மா அதுல இருக்காளா?"

"இருக்கா. பாட்டும் எடுத்துக் கொடுக்குறா."

"பாடுவாளா அவ?"

"வந்து கேளுங்க."

 பிறகு, மெதுவாக, அப்பாவுக்கு இவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்று எனக்குத் தெரியாது: "மெட்ராஸ்ல ப்ளைட் எறங்கினா எந்த பஸ் ஏறணும்? கல்யாணத்துக்கு வேன்ல வந்தது. எனக்கு வழி தெரியலை."

முற்றத்தில் அம்மா கும்மிக்குக் கிளம்பி நின்றிருந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். யார் என்று கையால் கேட்டாள். அப்பா என்று வாயால் மட்டும் சொன்னேன். அவள் போகவில்லை, அங்கேயே நின்றாள்.

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கடற்கரையில் இறங்கி முழித்துக்கொண்டு நிற்பார்.

சரியான பஸ்ஸையே சொன்னேன். இரண்டு தடவை, அவர் எழுதிக்கொள்கிற வேகத்தில்.